பனிமலை அட்டை

புதிய அடுக்குமாடியின் பின்சுவரில் தொங்கிய ஏசி அவுட்டோருக்குத் தன்மேல் ரொம்பப் பெருமை. வீட்டுக்குள்ளே எல்லாரும், "அப்பாடா, என்ன ஜில்லுனு இருக்கு!" என்று சொல்வது அதன் காதில் விழுந்துகொண்டே இருக்கும். வெளியேயும் தான் குளிர்காற்றைத்தான் விடுகிறோம் என்று அது நம்பியிருந்தது.

கைநீட்டினால் தொடும் தூரத்தில், எதிரே ஒரு தகரக்கூரை வீடு. விடியுமுன் தெருக்கூட்டப் போகும் பவுனம்மா மத்தியானம்தான் அங்கே வந்து படுப்பாள். ஜன்னலில் இருந்த டேபிள் ஃபேன் வெளிக்காற்றை அவளுக்கு இழுத்துக் கொடுக்கும்.

"என் காத்தை நல்லா வாங்கிக்கோ தம்பி. பவுனம்மா சுகமா தூங்கட்டும்" என்று தினமும் சொல்லும் அவுட்டோர்.

"சரிண்ணே" என்று மட்டும் சொல்லும் ஃபேன்.

சித்திரையில் ஒருநாள், வெக்கை தாங்காமல் பவுனம்மா ஈரச்சேலையை ஜன்னலில் கட்டினாள். அவள் திரும்பிப் படுப்பதற்குள் அது மொறமொறவென்று காய்ந்துவிட்டது.

"யாரு செஞ்ச வேலை இது?" என்று பதறியது அவுட்டோர்.

"நீங்கதாண்ணே. எப்படிச் சொல்றதுன்னுதான் இத்தனை நாள் பேசாம இருந்தேன்."

அவுட்டோர் மூச்சை அடக்கப் பார்த்தது. உள்ளேயிருந்து, "வெளியே அனலா அடிக்குது, இன்னும் ரெண்டு டிகிரி குறைங்க" என்றது ஒரு குரல். அவுட்டோர் முன்னைவிட வேகமாக இரைந்தது.

மறுநாள் பவுனம்மா, எப்போதோ குப்பையிலிருந்து எடுத்து வைத்திருந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து, ஜன்னலை மூடி ஆணியடித்தாள்.

"தம்பி..." என்று கூப்பிட்டுப் பார்த்தது அவுட்டோர். குரல் அட்டையில் முட்டித் திரும்பியது.

அவுட்டோர் வந்திறங்கிய பெட்டியின் அட்டைதான் அது. அதில் அச்சடித்திருந்த பனிமலை, அவுட்டோர் விட்ட அனலில் மெல்ல வெளுத்துக்கொண்டிருந்தது.