'தொடாதே'

மூவரில் ஒருவரை வேலையை விட்டு அனுப்பப்போகிறார்கள் என்று அலுவலகம் முழுக்கப் பேச்சு. வீட்டில் சம்பாதிப்பவள் அவள் ஒருத்திதான். ஆனாலும் மேலாளர் முன் தைரியமாகவே உட்கார்ந்தாள். அவள் எழுதிய மென்பொருள் தெளிந்த நீர். பக்கத்து மேசை 'சிக்கல்' சார் எழுதியதிலோ பத்து வரிக்கு ஒருமுறை 'தொடாதே' என்ற குறிப்புதான் இருக்கும்.

“புதுசா வந்த பொண்ணு நீ எழுதினதை ஒரே நாள்ல படிச்சுட்டாம்மா. ஒரு சந்தேகம்கூடக் கேக்கலை.”

“அப்படித்தானே சார் எழுதணும்?”

“சிக்கல் எழுதினது மூணு மாசமா ஒருத்தருக்கும் புரியலை.”

“பாவம் சார், பிள்ளைகுட்டிக்காரர். அவரை அனுப்பிடாதீங்க.”

“எப்படிம்மா அனுப்புறது? அவர் போட்ட முடிச்சை வேற யார் அவிழ்ப்பா?”

மேலாளர் ஒரு கடிதத்தை அவள் பக்கம் நகர்த்தினார். இரண்டே வரி. ஒரே வாசிப்பில் புரிந்தது.