குழாய்ச் சத்தம்

மைக்கை என் கையில் கொடுத்தது அவர்கள் செய்த தப்பு.

முகப்பேரில் எங்கள் சபையின் மாடி ஹால். சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணி. 'ஆராதனையில் படைப்புக் கலைகள்' என்று இரண்டு நாள் முகாம். பிரியாணி உண்டு என்று நோட்டீசில் போட்டிருந்ததால் எண்பது பேருக்குத் திடீரென்று கலையார்வம் வந்துவிட்டது.

காலையில் களிமண்ணில் ஆட்டுக்குட்டி செய்தோம். எனக்கு உருளைக்கிழங்கு நன்றாக வந்தது. பிறகு ரிப்பனைச் சுழற்றி ஒரு நடனம். ஐ.டி. கம்பெனி மேனேஜர் ஒருத்தருக்கு இரண்டாவது சுற்றிலேயே இடுப்பு பிடித்துக்கொண்டது.

பெங்களூரிலிருந்து வந்திருந்த பயிற்சியாளர் ஷைலா எதைப் பார்த்தாலும் "வாவ்" என்றார். என் உருளைக்கிழங்குக்கும் ஒரு வாவ் கிடைத்தது.

காலையில் பதிவுப் படிவம் நிரப்பும்போது என் மனைவி ஞானகுமாரி 'பாட்டு' என்ற கட்டத்தில் டிக் அடித்தாள். மறுநாள் ஞாயிறு ஆராதனையில் தனியாக ஒரு பாட்டுப் பாடலாமாம். விருப்பமுள்ளவர்கள் அன்று காலையில் வந்து பாடகர் குழுத் தலைவர் ஜோஸிடம் பெயர் கொடுத்தாலும் போதுமாம்.

"தாயே, இருக்கிறதே நூறு குடும்பம். அதையும் ஓட்டிடாதே," என்றேன்.

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பிறகு அந்த டிக்கைக் கோடு போட்டு அடித்துவிட்டு 'எழுத்து' என்ற கட்டத்தில் போட்டாள்.

அவளும் ஒரு காலத்தில் பாடகர் குழுவில் இருந்தவள்தான். பதினொரு வருஷத்துக்கு முன்னால் ஏனோ விட்டுவிட்டாள். நானும் காரணம் கேட்கவில்லை. பாட்டு போனால் என்ன, தண்ணீரை வீணாக்குவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. தினமும் பாத்திரம் கழுவுகிறேன் என்று சமையலறைக்குள் போனால் குழாய் அரை மணி நேரம் ஓடும். உங்கப்பா அம்பத்தூர் ஏரியைச் சீதனமாகக் கொடுத்தாரா என்று நானும் தினமும் கேட்பேன்.

மத்தியானத்துப் பயிற்சிக்குப் பெயர் புலம்பல் சங்கீதம். யாரிடமும் சொல்லாத ஒரு குறையை ஆண்டவருக்கு எழுத வேண்டும். பெயர் போடக் கூடாது. காணிக்கைப் பை சுற்றி வரும், அதில் மடித்துப் போட வேண்டும். பிறகு ஒவ்வொருவராக வந்து, கைக்கு அகப்பட்டதை எடுத்து மைக்கில் வாசிக்க வேண்டும். அடுத்தவர் பாரத்தை நம் குரல் சுமக்குமாம்.

'ஆண்டவரே, பிரியாணியில் பீஸ் எங்கே?' என்று நான் எழுதிப் போட்டிருந்தேன். பாவம் ஜோஸ், அதை எடுத்துத் தழுதழுத்த குரலில் தொடங்கிவிட்டார். ஹாலே விழுந்து விழுந்து சிரித்தது.

அடுத்தது நான். மேக்ஸ்வெல் அண்ணன் வருகிறார் என்றதுமே நாற்காலிகளை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

பைக்குள் கைவிட்டு ஒரு சீட்டை எடுத்தேன். மாற்றலாகிப் போன எங்கள் பழைய பாஸ்டர், ஒவ்வொரு சொல்லையும் ரப்பர் போல இழுத்து ஜெபிப்பார். அந்தக் குரலை எடுத்துக்கொண்டேன்.

'கர்த்தாவே, பாடும்படிக்குத்தானே இந்தத் தொண்டையை எனக்குக் கொடுத்தீர்.'

முதல் வரிசையில் சிரிப்பு கிளம்பியது.

'கிறிஸ்மஸுக்கு வீடுவீடாகப் பாடிக்கொண்டு கேரல் ரவுண்ட்ஸ் போனபோது, மண்ணூர்பேட்டையில் ஒரு வீட்டு வாசலில், என் குரலுக்கு ஒருவர் பட்டப்பெயர் வைத்தார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.'

அந்தச் 'சிரித்தேனை' மூச்சு தீரும்வரை இழுத்தேன். ஜோஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

'அன்றுமுதல் வீட்டில்தான் பாடுகிறேன். ஒருவருக்கும் கேட்காதபடி, சமையலறைக் குழாயைத் திறந்து வைத்துப் பாடுகிறேன்.'

குழாய் என்ற இடத்தில் பாஸ்டரின் குரல் என்னை விட்டுப் போய்விட்டது.

எண்ணெய் போடாத லேத். அதுதான் அந்தப் பட்டப்பெயர். வைத்தவன் நான். லேத் பட்டறையில் வேலை செய்கிறவனுக்குத்தான் அப்படியொரு ஜோக் வரும் என்று எல்லாரும் பாராட்டினார்கள். அந்தக் கிறிஸ்மஸ் முழுக்க அதை வீடுவீடாகச் சொல்லிக்கொண்டு போனேன்.

நான் அவள் பக்கம் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியமில்லை. இன்னும் ஒரு வரி பாக்கி இருந்தது. எண்பது பேரும் வாயைத் திறந்து வைத்துக் காத்திருந்தார்கள். என் சொந்தக் குரலில் வாசித்தேன். அது ஒன்றும் அவ்வளவு நல்ல குரல் இல்லை.

'அவர் ஆலயத்துக்கு வராத ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமையை எனக்குத் தாரும்.'

ஷைலா, "வாவ்" என்றார்.

சாயங்காலம் ஸ்கூட்டரில் வீடு வந்து சேர்ந்தோம். வாசலில் செருப்பைக் கழற்றும்போது சொன்னேன்: "நாளைக்கு எனக்கு டூட்டி இருக்கு. நீ மட்டும் போயிட்டு வா."

இருபத்திரண்டு வருஷமாக எங்கள் கம்பெனிக்கு ஞாயிறு விடுமுறை. அது அவளுக்கும் தெரியும்.

அவள் பூட்டைத் திறந்தாள்.

"சாப்பாடு கட்டித் தரட்டுமாங்க?"

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு, அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் கம்பெனியின் பூட்டிய கேட்டுக்கு முன்னால் ஸ்கூட்டரை நிறுத்தினேன். வாட்ச்மேன் வேம்புலி எழுந்து வந்தார்.

"இன்னா சார், லீவு நாளு அதுவுமா டிபன் டப்பாவோட வந்துகீறே?"

  அவர் போட்ட ஸ்டூலில் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

பத்து மணி வாக்கில்தான் ஆராதனையில் தனிப்பாட்டு வரும். பத்து மணிக்கு வேம்புலி வாளியை வைத்துக் குழாயைத் திறந்தார்.

கொஞ்ச நேரம் அதை மூடி வைக்கச் சொன்னேன். ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு மூடினார்.

அங்கிருந்து முகப்பேர் நாலு கிலோமீட்டர். ஒன்றும் கேட்காது.