மூன்று விரல் வெற்றிடம்

இருநூற்றுப் பதினான்காம் பக்கத்தில் ஒடீலின் கை நின்றுவிட்டது.

அதுவரை வேலை நன்றாகத்தான் ஓடியது. காலையிலிருந்து நூற்றுத் தொண்ணூறு பக்கங்களில் கறுப்புக் கட்டம் போட்டிருந்தாள். ஒட்டாவாவில், அமைச்சகத்தின் ஏழாவது மாடியில், தகவல் அறியும் பிரிவில் அவளுக்குச் சம்பளமே அதற்குத்தான். மக்களுக்குத் தகவலைக் கொடுக்கும் முன், அவர்கள் அறியக்கூடாததை மறைத்துக் கொடுக்க வேண்டும்.

கேட்டவர் யாரென்று அவளுக்குத் தெரியாது. சட்டப்படி தெரியவும் கூடாது. கேள்வி மட்டும் கோப்பின் முதல் தாளில் இருந்தது: மருத்துவர் உதவியோடு இறக்க விரும்புகிறவர் விண்ணப்பித்த பின் பத்து நாள் காத்திருக்க வேண்டும் என்றிருந்ததே, அந்தப் பத்து நாளைச் சட்டத்திலிருந்து எடுக்கச் சொன்னது யார்?

விடை அறுநூற்றுப் பதினொரு பக்கம். முக்கால்வாசி, அப்படி இறக்கும் உரிமைக்காக வாதாடும் ஒரே சங்கம் அமைச்சகத்துக்கு எழுதியது. "நீங்கள் சொன்னபடியே வாசகத்தைத் திருத்திவிட்டோம்" என்று அமைச்சகம் பணிவோடு பதில் எழுதியதும் உண்டு.

எதையெல்லாம் மறைக்கலாம் என்று வழக்கப்படி அந்தச் சங்கத்திடமே கருத்துக் கேட்டிருந்தார்கள். சங்கம் பெருந்தன்மையானது. நானூறு பக்கங்களை மறைக்கச் சொன்னது. ஒரே ஒரு பக்கத்தைத் தயவுசெய்து முழுதாகக் காட்டச் சொன்னது.

இதுதான் அந்தப் பக்கம்.

அண்ணனைப் பறிகொடுத்த ஒரு பெண் சங்கத்துக்கு எழுதிய கடிதம். சங்கமே தட்டச்சு செய்து, பெயரை எடுத்துவிட்டு, கீழே ‘ஒரு தங்கை’ என்று போட்டு அனுப்பியிருந்தது. இரண்டு பத்திகள். அந்தப் பத்து நாளும் எங்களுக்கு நரகம், அண்ணன் வலியில் துடித்தான் என்றது முதல் பத்தி. கடைசியில் அமைதியாகப் போனான், உங்களுக்கு நன்றி என்றது இரண்டாவது.

நடுவே மூன்று விரல் அகலத்துக்கு வெற்றிடம்.

பத்து நாளை எடுத்துவிடலாம் என்ற பரிந்துரைக்கு முதல் இணைப்பே இந்தக் கடிதம்தான். படித்த மேலதிகாரி ஓரத்தில் ‘உருக்கம்!’ என்று குறித்திருந்தார். அவர் கையால் எழுதிய ஒரே சொல் அது.

நாளை கோப்பு வெளியே போய்விடும். எடுக்கச் சொன்னது யார் என்ற கேள்விக்கு, ஒரு தங்கை சொன்னாள் என்பதே விடையாக நின்றுவிடும்.

முதல் பத்தி பொய்யில்லை. இரண்டாவதும் பொய்யில்லை. ஒடீலின் கை நின்றது அதனால்தான்.

"இன்னும் அதே பக்கத்துலயா நிக்கிற? கால்ல வேரு விட்டுரப் போகுது அம்மணி!" என்றார் பக்கத்து மேசை வெண்டல். ஓய்வு பெற ஏழு மாதம் இருந்தது அவருக்கு. ஒருமுறை அலுவலகக் கேன்டீனின் உணவுப் பட்டியலையே மறைத்தவர். சூப் மட்டும் தப்பியது.

அவள் திரையை எட்டிப் பார்த்தார்.

"அவங்களே காட்டுங்கன்னு சொல்றாங்க. நமக்கு எங்க வலிக்குது? விட்டுத் தள்ளு."

வெள்ளையாக விட்டுவிட்டால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். கறுப்பைக் கண்டால்தான் மனிதர்களுக்கு உறுத்தும். தகவல் ஆணையரிடம் புகார் போகும். ஆணையரின் ஆட்கள் வந்து மூலக் கடிதத்தை எடுங்கள் என்பார்கள். சங்கம் அதை எடுத்துக் காட்டியே ஆக வேண்டும். அப்புறம், கட்டம் போட்டது யார், ஏன் போட்டாள் என்றும் கேட்பார்கள். வேலை போகலாம்.

ஒடீல் சுட்டியை நகர்த்தினாள். எழுத்துகள் எதையும் தொடவில்லை. நடுவே இருந்த அந்த மூன்று விரல் வெள்ளையின் மேல் மட்டும், ஓரம் பிசகாமல், ஒரு கறுப்புக் கட்டம் போட்டாள். உள்ளே விதிப்படி பிரிவு எண்ணையும் குறித்தாள். பத்தொன்பது. தனிநபர் விவரம்.

வெண்டல் நெற்றியில் கிடந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார்.

"அங்க ஒண்ணுமே இல்லையேம்மா. வெறும் காகிதத்தையா மறைக்கிற? முப்பது வருஷத்துல நானே அந்த அளவுக்குப் போனதில்ல."

"இருந்துச்சு, வெண்டல்."

எட்டு வரி இருந்தது. ஒன்பதாம் நாள் காலையில் அண்ணன் எமில், கால்வாய்ப் பனி உருகுறதைப் பார்த்துட்டு அப்புறம் போறேனே என்று கேட்டது. டாக்டர் சிரித்துக்கொண்டே சரி என்றது. அப்படிக் கிடைத்த முப்பத்தொரு நாள். அதில் இருபது நாள் ஹாக்கிக்காக அண்ணனும் தங்கையும் போட்ட சண்டை.

அந்தக் கடிதத்தை நீலப் பேனாவால் எழுதி, அவளேதான் தபால் பெட்டியில் போட்டிருந்தாள்.