தோஹாவிலிருந்து வந்த படங்கள்

லண்டன் விமானத்துக்கு இன்னும் ஒரு பகல் முழுக்க இருந்தது. மஹேஷ் தோஹாவைச் சுற்றிப் பார்த்தான். போகிற இடத்திலெல்லாம் தன்னைப் படமெடுத்து, திருவனந்தபுரத்தில் தனியாக இருந்த மனைவி பத்மஜாவுக்கு அனுப்பினான். காப்பி குடித்த பில்லைக்கூடப் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டான்.

சாயங்காலம் அவள் கூப்பிட்டாள்.

"கேட்டேளா, உங்க போட்டோ எல்லாத்தையும் எதிராத்து மாமிகிட்ட காட்டிண்டிருக்கேன்."

"நீ ஆத்துல இல்லையா?" என்றான் மஹேஷ்.

"அதுக்கென்ன? ஜானவி கழக்கூட்டம் ஹாஸ்டல்லேருந்து திடீர்னு வந்து நிக்கறா. நீங்க வரச்சொன்ன ஏசி மெக்கானிக்கும் வந்தாச்சாம். நம்ம பொண்ணு பாத்துப்பா."

மகளைக் கூப்பிட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

வீட்டில் தனியாக இருக்கும் பெண்ணைக் கொன்றுவிடு என்றுதான் அந்த ஆளிடம் சொல்லியிருந்தான். இத்தனை படம் அனுப்பியவன், அவனுக்கு மட்டும் பத்மஜாவின் படத்தை அனுப்பவில்லை.