ஃபிரிட்ஜ் மட்டும் ஓடணும்

“வேன் ஓடாட்டியும் பரவாயில்ல. ஃபிரிட்ஜ் ஓடினாப் போதும்,” என்றார், மனைவியோடு வேனில் வந்திருந்த கணவர்.

மெக்கானிக்குக்கு எரிச்சலாக வந்தது. உச்சி வெயிலில் கட்டிலும் அடுப்பும் ஜன்னல் திரையுமாக ஒரு சுற்றுலா வேன் பட்டறை வாசலில் நிற்கிறது. இவர்களுக்குக் குளிர்பானம் சூடாகிவிடும் என்ற கவலை!

பின்பக்கக் கட்டிலைத் தூக்கினார். அடியில், காற்றுப் புக வழியில்லாத பெட்டிக்குள் லித்தியம் பேட்டரி. தொட்டவர் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார்.

“இதுக்கு சூடு ஆகாது சார். அளவு மீறினா, தானே கரண்டை நிறுத்திக்கும். வெளியே எடுத்து நிழல்ல வச்சா, சாயங்காலத்துக்குள்ள ஆறும்.”

“ஐஸ் வச்சுப் பார்த்தா?”

“ஐயையோ, தண்ணி கிண்ணி பட்டா வம்பு. சூட்டோட சார்ஜும் போடக் கூடாது, உப்பிக்கும். அப்புறம் தீதான். பேசாம ஃபிரிட்ஜுக்குள்ள இருக்கறதைத் தூக்கிப் போடுங்க. போற இடத்துல புதுசா வாங்கிக்கலாம்.”

முன் சீட்டில் இருந்த மனைவி அப்போதுதான் இறங்கினாள். இரண்டு கைகளையும் மார்போடு இறுக்கிக் கட்டியிருந்தாள். அதையும் மீறிச் சட்டை நனைந்திருந்தது. வியர்வை என்று நினைத்தார் மெக்கானிக்.

“இது கடையில கிடைக்காதுங்க.”

குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. ஃபிரிட்ஜின் மேல்தட்டைத் திறந்து காட்டினாள். உள்ளே அடுக்கடுக்காகச் சின்னச் சின்னப் பைகள்; அத்தனையிலும் உறைந்த தாய்ப்பால்.

“பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறோம்,” என்றார் கணவர்.

மெக்கானிக் வீட்டிலும் கைக்குழந்தை உண்டு. பட்டறைக்குள் ஓடினார், நீள ஒயரை இழுத்துவந்து ஃபிரிட்ஜில் சொருகினார். அது உறுமத் தொடங்கியதும் கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

“தெரியாமப் பேசிட்டேம்மா, மனசுல வச்சுக்காதீங்க. பக்கத்துக் கடையில ஐஸ் பெட்டி இருக்கு. அதுல அடுக்கிக்கிட்டு என் கார்லயே போயிடலாம். பிள்ளை பசியோட காத்துக்கிட்டு இருக்குமே!”

அவள் ஒரு பையை எடுத்து, ஒட்டியிருந்த பனியை விரலால் தள்ளினாள். திரும்ப அதே இடத்தில் வைத்து மூடினாள்.

“என் பிள்ளை போன வாரமே போயிட்டான். இது அங்க பக்கத்துக் கட்டில் குழந்தைங்களுக்கு.”