பக்கத்துக் கட்டில்

'நான் தூங்கவில்லை. விழித்துத்தான் இருந்தேன்.'

இன்றைக்கு இன்னாசிமுத்துவிடம் அதைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

நர்ஸ் அவள் கையில் ஊசியைக் குத்தி டேப் ஒட்டினாள். டயாலிசிஸ் இயந்திரம் சுற்றத் தொடங்கியது. இனி நான்கு மணி நேரம் இடது கையை அசைக்கக் கூடாது.

படுத்தபடியே பக்கத்துக் கட்டிலைப் பார்த்தாள்.

காலி.

இன்னாசிமுத்து கொஞ்சம் தாமதமாகத்தான் வருவார். ரயில்வே கேட் கீப்பராக இருந்தவர். செவ்வாயும் வெள்ளியும் அவருக்கும் டயாலிசிஸ் மதிய ஷிஃப்டில்தான்.

பெரிதாக எதுவும் பேசிவிட மாட்டார். ஊர் ஞாயம் கிடையாது. அறிவுரை கிடையாது.

கேட்பார்.

பத்தொன்பது வயதில் அவள் ஸ்டேஷனைத் தவறவிட்ட கதை ஒன்று உண்டு. கல்யாண வீடுகளில் அதை அவளுடைய கணவர் சிவசைலம்தான் சொல்வார்.

"நாங்க பொண்ணு பாக்கப் போயிருக்கோம். இவ ரயில்ல தூங்கி, அடுத்த ஊர்ல போய் எறங்கிட்டா கழுத! அஞ்சு மணி நேரம். மூணு காப்பி குடிச்சேன்!"

எல்லோரும் சிரிப்பார்கள். அவளும்.

முப்பது வருடமாகக் கதை அவ்வளவுதான்.

இன்னாசிமுத்துவிடம் அது மூன்று வாரமாக நடக்கிறது. உட்கார்ந்திருந்த பெஞ்சு சிமெண்டா, மரமா? குழாயில் தண்ணீர் வந்ததா? ஸ்டேஷன் மாஸ்டர் ஒன்றும் கேட்கவில்லையா?

போன வெள்ளிக்கிழமை, "பயமா இருந்துச்சாம்மா?" என்றார்.

இல்லை என்றாள். சொன்ன பிறகு அவளுக்கே திடுக்கென்றது. மேலே சொல்வதற்குள் பிரஷர் இறங்கி, கண் இருட்டி, நர்ஸ் ஓடிவந்துவிட்டாள்.

நான்கு நாட்களாக அவள் அந்த ரயிலில்தான் இருக்கிறாள். அவள் இறங்க வேண்டிய ஊரின் பெயர்ப்பலகை ஜன்னலுக்கு வெளியே மெல்ல வந்து நிற்கிறது. பிளாட்பாரத்தில் அப்பா அவளைப் பெட்டி பெட்டியாகத் தேடிக்கொண்டு வருகிறார்.

அவள் குனிந்துகொள்கிறாள்.

கதவு திறந்தது. சிவசைலம். முகமெல்லாம் சிரிப்பு.

"கிடைச்சிட்டு! காலை ஷிஃப்டு! ஆறு மாசம் நடையா நடந்தம்லா. வெயிலுக்கு முந்தி வீட்டுக்குப் போயிரலாம்."

அவள்தான் கேட்டிருந்தாள், ஆறு மாதத்துக்கு முன்பு. அவர் மறக்கவில்லை.

நர்ஸ் நோட்டைப் பிரித்தாள். "அடுத்த வாரத்துலேருந்து மாத்திரவாக்கா?"

"வேண்டாம்மா."

"ஏட்டி, நீதான கேட்ட? ஏன்?"

எதற்கும் அவரே பதிலும் சொல்லிவிடுவார். இன்றைக்குச் சொல்லவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு, அவள் முகத்துக்கு நேரே உட்கார்ந்தார். காத்திருந்தார்.

எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காத்திருப்பார் போலிருந்தது.

"சும்மாதான்," என்றாள்.