எப்ப எடுப்பீங்க?

2025 மார்ச் 12, புதன்கிழமை. புதுச்சேரி முதலியார்பேட்டை நாணயமாற்றுக் கடையின் வாசற்பலகையில் யூரோவுக்கு ஒரு விலை. உள்ளே அதைவிட நான்கு ரூபாய் கூடுதல். இதைக் கேட்பாரில்லை. அங்கே வேலை பார்க்கும் விஜயராகவனுக்கு மனம் மரத்துப்போயிருந்தது.

அன்று முதலாளி இல்லை. மறுநாள் பாரிசுக்குப் புறப்படவிருந்த ஜெனவியேவ் அம்மையாரையாவது காப்பாற்ற நினைத்தார்.

"மதாம், இங்க நூறு யூரோ மட்டும் மாத்துங்க. மீதியை அங்க ஏடிஎம்ல எடுங்க. ரூபாயா, யூரோவான்னு கேட்கும். யூரோவை அமுத்துங்க. ரூபாயை அமுத்தினா அவங்க வெக்கிற ரேட்டுதான், மொட்டைதான்."

"சரிப்பா."

"டிசம்பர்ல வந்தாரே உங்க பையன் ஃபிலிப், அங்கதான இருக்காரு? தனியாப் போகாதீங்க, அவரைக் கூட நிக்கச் சொல்லுங்க. அம்மாவுக்குச் செலவு பண்ணட்டுமே!"

விஜயராகவன் சிரித்தார். அம்மையார் சிரிக்கவில்லை.

"எப்ப எடுப்பீங்க? இறங்கினதுமேவா?"

"வெள்ளிக்கிழமை எடுக்கறாங்க."

"எடுக்கறாங்களா? யாரு, பணத்தையா?"

"ஃபிலிப்பை," என்றார் அம்மையார், தாள்களைப் பைக்குள் வைத்தபடி. "பத்து மணிக்கு சர்ச்சு. அப்புறம் கல்லறை."

வாசகரே, அயல்நாடு செல்பவருக்கு ஆயிரம் யோசனை சொல்லுங்கள். அதற்கு முன், எதற்காகச் செல்கிறார் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.